மேகசினை உருவினால் துப்பாக்கி காலியாகிவிடாது

அமெரிக்காவில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி தருவது என் தொழில். இங்கே சேகரிப்பாளர்கள் கூடினால் 1911 மாடலுக்கு இருக்கும் மவுசே தனி. ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த இந்த .45 கைத்துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. 1985-இல் பெரெட்டா கைத்துப்பாக்கி தேர்வாகும்வரை ராணுவத்தில் இதன் ராஜ்யம்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டைப்ரைட்டர் கம்பெனியான ரெமிங்டன் ராண்டுகூட இதைத் தயாரித்தது. தையல் மெஷினுக்குப் பேர்போன சிங்கர் செய்து கொடுத்தது 500 மட்டுமே. அதில் ஒன்றைக் கண்ணால் பார்த்தாலே பெருமை பேசுவார்கள். ஆளாளுக்குக் கையில் வாங்கி, முத்திரையைப் புரட்டிப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

அப்படிக் கைமாறும் நேரம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைப் பிடியிலிருந்து உருவி மேஜைமேல் வைத்துவிட்டு, "காலிதான், பாருங்க" என்று நீட்டுவார்கள். மேகசின் இல்லாவிட்டால் சுடவிடாமல் தடுக்கும் ஏற்பாடு பிரௌனிங் ஹை-பவர் என்ற இன்னொரு கைத்துப்பாக்கியில் உண்டு, அசல் 1911-இல் கிடையாது. சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், ஒன்று தங்கியிருந்தால் வெடிக்கத்தான் செய்யும்.

சோதிக்கும் வரிசையிலும் கோட்டை விடுகிறார்கள். முதலில் மேகசின், அப்புறம்தான் ஸ்லைடு, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம். இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? ஸ்லைடை இழுத்ததும் சேம்பரில் இருந்த தோட்டா வெளியே தெறிக்கும், விட்டதும் மேகசினில் இருக்கும் அடுத்தது உள்ளே ஏறிவிடும். கீழே விழுந்ததைப் பார்த்து நிம்மதியாகி மேகசினை உருவுகிறவர் கையில் வைத்திருப்பது தோட்டா ஏறிய துப்பாக்கி. இன்னொன்று: கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி பூட்டைப் போட்டிருந்தால் 1911-இன் ஸ்லைடு நகராது. சோதிக்கவே சேஃப்டியை இறக்க வேண்டும். அதனால் விரல் விசைக்கு வெளியிலும் குழல்முனை ஆளில்லாத பக்கத்திலும் இருந்தே ஆகவேண்டும். ஸ்லைடைப் பின்னால் பூட்டிவிட்டு உள்ளே எட்டிப் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். பழைய துப்பாக்கியில் தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்திருந்தால் அதை இழுக்காமலே விட்டுவிடும். பார்த்து முடித்ததும் ஸ்லைடைப் படாரென்று விடாதீர்கள்; கையில் பிடித்தபடி மெல்ல முன்னே கொண்டுவாருங்கள். இல்லையென்றால் பொருள் பாழாகிறதே என்று உடையவருக்கு நெஞ்சு வலிக்கும்.

நண்பர் பார்த்துக் கொடுத்ததை நாம் மறுபடி பார்த்தால் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடாதா என்று நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். இந்த வட்டாரத்தில் அது மரியாதைக் குறைவே அல்ல. பார்க்காமல் வாங்குகிறவரைத்தான் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ஒருமாதிரிப் பார்ப்பார்கள்.

சேம்பரில் தோட்டாவோடு அலமாரியில் வைப்பதோ இன்னும் மோசம். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைத் தடுத்துப் பிடிக்கும் பாகத்தை, 1911-ஐத் தயாரிக்கும் கோல்ட் கம்பெனி 1983-இல் சீரிஸ் 80 மாடலோடு கொண்டுவந்தது. போர்க்கால ராணுவத் துப்பாக்கிகளில் அது இல்லை. குழல்முனை கீழாகக் கெட்டித் தரையில் விழுந்தால், விழுந்த வேகத்திலேயே ஃபயரிங் பின் முன்னால் பாய்ந்து தோட்டாவைத் தட்டக்கூடும்; விசையை யாரும் தொட்டிருக்க வேண்டியதில்லை.

படம் எடுத்துப் பகிர்கிறவர்கள் அழகுக்காக நிஜத் தோட்டாக்களைப் பக்கத்தில் பரப்பி வைக்கிறார்கள். வெடிமருந்தில்லாத டம்மியே போதும். சீரியல் நம்பரை மறைத்துவிடுங்கள், போனில் இருப்பிடப் பதிவையும் அணைத்துவிடுங்கள். எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று திருடனுக்கு நாமே வழிகாட்ட வேண்டாம்.