பிறர் பிழையால் நேர்ந்த மரணம்: சொல் விளக்கம்

வீதி விபத்திலோ, வைத்தியரின் கவனக்குறைவாலோ, பாதுகாப்பற்ற வேலைத்தளத்திலோ ஒருவர் உயிரிழந்தால், அதற்குக் காரணமானவரிடம் குடும்பத்தார் நட்டஈடு கேட்பதை ஆங்கிலத்தில் ‘றோங்ஃபுல் டெத்’ கோரிக்கை என்பர். கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் உறவினர் வாயிலாக யாழ்ப்பாணத்துக்கு வந்த இத்தொடரைத் ‘தவறான மரணம்’ என்று தமிழில் எழுதக் காண்கிறோம். இது பொருந்தாத மொழிபெயர்ப்பு. மரணத்தில் சரியானது, தவறானது என்ற பிரிவு கிடையாது. அன்றியும், ‘ஐயா தவறிவிட்டார்’ என்றாலே இறந்துவிட்டார் என்று விளங்கிக்கொள்ளும் ஊரில் இத்தொடர் குழப்பத்தையே தரும்.

ஆங்கிலத் தொடரின் பிறப்பைப் பார்த்தால் குழப்பம் எங்கே தொடங்கியது என்பது தெரியவரும். ஒரு மனிதனின் மரணத்தைக் குடியியல் நீதிமன்றத்தில் தீங்காக முறையிட இயலாது என்று 1808 இல் இங்கிலாந்து நீதிமன்றமொன்று தீர்த்தது. காலை முறித்தவன் பணம் செலுத்த வேண்டும், உயிரைப் போக்கியவன் செலுத்த வேண்டியதில்லை என்ற அந்தக் கொடிய நிலை 1846 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே மாறியது. பிழையான செயல், அசட்டை, கடமை தவறுதல் ஆகியவற்றால் விளைந்த மரணம் என்றே அச்சட்டம் பேசியது. ‘பிழையான’ என்ற அடைமொழி அங்கே செயலுக்கு உரியது. பின்னாளில் தொடர் சுருங்கியபோதுதான் அது மரணத்தின்மேல் ஏறிக்கொண்டது. ஆகவே ‘பிறர் பிழையால் நேர்ந்த மரணம்’ என்பதே நேரான தமிழ். ‘குற்றம்’ என்று எழுதினால் தண்டனைக்குரிய செயல் என்ற பொருள் வந்துவிடும். ‘றைவரின் பிழை’ என்று நாம் அன்றாடம் சொல்லும் பிழையே இங்கு வேண்டிய சொல்.

கோரப்படுவது நட்டஈடு. நட்டம், ‘நஷ்டம்’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். அழிந்தது, இழந்தது என்பது அதன் பொருள். ஈடு தமிழ்ச் சொல். கெடு கேடு ஆவது போலவும் பெறு பேறு ஆவது போலவும் இடு என்பது ஈடு ஆயிற்று. ஒன்றின் இடத்தில் ஒப்பாக இடப்படுவது ஈடு. காணியை ஈடு வைக்கிறோம் என்பதிலும் இதுவே இருக்கிறது. தமிழகத்தில் பெருகிவரும் ‘இழப்பீடு’ நல்ல ஆக்கமே. எனினும் இலங்கைச் சட்ட வழக்கில் ‘நட்டஈடு’ வேரூன்றிவிட்டதால், அதனை மாற்ற வேண்டிய தேவை இல்லை.

யாழ்ப்பாணத்தாரின் சொத்துரிமைக்குத் தேசவழமை என்ற மரபுச் சட்டம் இருப்பினும், இலங்கையில் இவ்வகை வழக்குக்கு அடிப்படை ஒல்லாந்தர் ஆட்சிவழி வந்த உரோம-டச்சுச் சட்டமே. சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை மதிக்க முடியாது என்றனர் உரோமர். கொன்றவன் இறந்தவரின் உழைப்பில் வாழ்ந்த மனைவி மக்களுக்கு ஈடு செய்ய வேண்டும் என்று 17 ஆம் நூற்றாண்டு டச்சு அறிஞர் ஹியூகோ குரோசியஸ் எழுதினார். உயிருக்கு விலை வைக்காமலே, நின்றுபோன ஆதரவுக்குக் கணக்குப் பார்த்த வழி அது.

அந்தக் கணக்கை ஓர் உதாரணத்தில் காண்போம். சுன்னாகத்தில் மேசன் வேலை செய்த ஒருவர் நாளுக்கு 3,500 ரூபாவாக மாதம் 22 நாள் உழைத்தார் எனின் வருமானம் 77,000 ரூபா. அவருடைய சொந்தச் செலவு 17,000 போக, வீட்டுக்குச் சேர்ந்தது 60,000, ஆண்டுக்கு 720,000. அவர் இன்னும் எத்தனை ஆண்டுகள் உழைத்திருப்பார் என்பதைக் கொண்டு பெருக்கி, பணம் ஒரே தடவையில் கிடைப்பதற்கும் வாழ்வின் நிச்சயமின்மைக்கும் நீதிமன்றம் ஒரு பகுதியைக் குறைக்கும். நாட்கூலிக்காரருக்குச் சம்பளப் பட்டியல் இராது. வேலைக்கு அழைத்தவர்களின் சாட்சியமும் வங்கிப் புத்தகமும் அவருடைய குடும்பத்துக்குத் துணை நிற்கும் என்பதால், செத்தவீட்டுத் துயரத்திலும் அவற்றைக் கவனமாக எடுத்து வைக்க வேண்டும்.

உழைக்காத பிள்ளையின் சாவில் இக்கணக்கு கைவிட்டுவிடும். பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்ததற்காகப் பெற்றோர் உரோம-டச்சுச் சட்டத்தின் கீழ் நட்டஈடு பெற முடியாது என்று 2001 இல் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்த்தது, பெற்றோருக்குத் தாங்க முடியாத தீர்ப்பாகவே எனக்குப் படுகிறது. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் அக்குறையைத் தீர்க்க வந்தது. நெருங்கிய உறவினர் தம் மன வேதனைக்கும் அன்பின் இழப்புக்கும் நட்டஈடு கோர அது வழி திறந்தது.

சொல்லைச் சரியாக அறிவதில் கைமேல் பயனும் உண்டு. ‘கேஸ் நடக்குது’ என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் பொலிசார் நீதவான் நீதிமன்றில் தொடுத்த குற்றவியல் வழக்கையே. அங்கே விதிக்கப்படும் தண்டப்பணம் அரசுக்கே செல்லும். நட்டஈட்டு வழக்கை மாவட்ட நீதிமன்றில் குடும்பத்தாரே சட்டத்தரணி மூலம் வேறாகத் தொடுக்க வேண்டும். இழப்புக்கும் தீங்குக்குமான வழக்குகளுக்கு 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வழக்குத் தொடுக்க விதிக்கும் காலம் 2 ஆண்டுகள் மட்டுமே. பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று இருந்தால் அக்காலம் கழிந்துவிடக்கூடும். அது முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.