கோமாளம்: மேய்க்கால் புறம்போக்கு

ஆனேக்கல், ஹொசகோட்டே, தேவனஹள்ளிப் பக்கம் மனை பார்க்கப் போகும் பெங்களூருத் தமிழர்கள் ‘கோமாள’ என்ற சொல்லைக் கேட்காமல் திரும்புவதில்லை. தரகர்கள் அதைத் தமிழில் ‘கவர்மென்ட் காலி இடம்’ என்கிறார்கள். அந்த நிலம் காலியானதும் அல்ல, நினைத்தபடி கைமாற்றக்கூடியதும் அல்ல.

‘கோ’ பசு. கன்னடத்தில் ‘மாள’ என்றால் திறந்தவெளி நிலம். ஊர்க் கால்நடைகள் கட்டணமின்றி மேய ஒதுக்கப்பட்ட பொது நிலமே கோமாளம். தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் இதற்கு நேரான பெயர் ‘மேய்க்கால் புறம்போக்கு’. சிலர் ‘மந்தைவெளி’ என்று எழுதுகிறார்கள். அது மாடுகளைக் கூட்டி நிறுத்தும் இடம், மேயும் இடமல்ல. ‘தரிசு’ என்பதும் பொருந்தாது. பயிர் வைக்காமல் கிடக்கும் பட்டா நிலமும் தரிசுதான். ‘புறம்போக்கு’ வசைச்சொல்லாகிவிட்டதே என்று தயங்க வேண்டியதில்லை. தீர்வைக்கு (நிலவரிக்கு) புறம்பாக, பொதுப் பயனுக்கென விடப்பட்டது என்ற பொருளை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வேறு சொல் இல்லை.

கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 1964-இன் 71-ஆவது பிரிவு இப்படி நிலம் ஒதுக்க வழி செய்கிறது. எவ்வளவு என்பதை 1966-ஆம் ஆண்டு விதிகளில் 97-ஆவது விதி சொல்கிறது: 100 மாடுகளுக்கு 12 ஹெக்டேர். 250 மாடுகள் உள்ள ஊருக்கு 30 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 74 ஏக்கர். ஊரின் உரிமை முழுவதும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. மாட்டு எண்ணிக்கை குறைவாக எழுதப்பட்டால் மீதி நிலம் ‘தேவைக்கு மேல்’ ஆகிவிடும். பரப்பைக் குறைக்க மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. குறைத்த பகுதி பிறகு தனியாருக்கு வழங்கப்படும் நிலமாகிறது.

ஆகவே கிராம சபையில் முதலில் செய்ய வேண்டியது, கால்நடைக் கணக்கை வீடு வீடாக வாசித்துச் சரிபார்ப்பது. நிலமில்லாமல் ஒரே ஒரு மாட்டை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பட்டியலில் எளிதாக விட்டுப்போகும். பகலில் கூட்டம் போட்டால் கூலிக்குப் போகும் பெண்கள் வர முடியாது. புல்லும் சாணமும் விறகும் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். கூட்டத்தை மாலையில், தலித் குடியிருப்பிலும் ஒருமுறை, வைக்க வேண்டும். தீர்மானத்தில் ‘ஊர்க் கோமாளம்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. சர்வே எண், ஏக்கர்-குண்டே (40 குண்டே ஓர் ஏக்கர்), நான்கு எல்லை எல்லாம் குறித்து, அளந்து எல்லைக்கல் நடும்படி தாசில்தாருக்கு மனுவோடு அனுப்ப வேண்டும்.

நிலம் வாங்குபவர் பார்க்க வேண்டிய ஆவணங்களில் முதலாவது ‘பஹணி’ எனப்படும் ஆர்.டி.சி., அதாவது நில உரிமை, சாகுபடிப் பதிவேடு. அதில் உரிமையாளர் பெயருக்கான 9-ஆவது பத்தியில் ‘சர்க்காரி கோமாள’ என்றிருந்தால் அது அரசுக் கோமாளம் என்பதில் ஐயமில்லை. சிக்கல் வருவது அங்கே தனியார் பெயர் ஏறியிருக்கும்போதுதான். அப்போது நிலம் வழங்கிய ஆணை, நிலம் பெற்றவருக்குத் தரப்படும் ‘சாகுவளி சீட்டி’ என்ற சான்று, பெயர்மாற்றப் பதிவு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பிறகு அந்தச் சர்வே எண்ணில் எல்லாருக்கும் வழங்கிய பரப்பைக் கூட்டி, ‘ஆகார்பந்த்’ என்ற நில அளவைப் பதிவேடு காட்டும் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகை மிஞ்சினால் யாரோ ஒருவருடைய காகிதத்துக்குத் தரையில் நிலமே இல்லை. கிராம வரைபடத்தையும் விடாதீர்கள்; ஓடையும் வண்டிப்பாதையும் அதில்தான் தெரியும்.

இன்னும் இரண்டு தடைகள் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அரசு வழங்கிய நிலத்தை முன் அனுமதியின்றி வாங்கினால், அத்தகைய நிலம் கைமாறுவதைத் தடுக்கும் 1978-ஆம் ஆண்டுக் கர்நாடகச் சட்டப்படி அது செல்லாது. அனுமதியில்லாச் சாகுபடியை முறைப்படுத்தித் தரும் ‘பகர் ஹுக்கும்’ திட்டமும் பெங்களூருக்கு அருகில் ஓடாது. மாநகர எல்லையிலிருந்து 18 கிலோமீட்டருக்குள் உள்ள நிலத்தை நில வருவாய்ச் சட்டத்தின் 94ஏ பிரிவு விலக்கியிருக்கிறது. ‘சீக்கிரம் பட்டா வந்துவிடும்’ என்று அந்த வட்டத்துக்குள் யாராவது கோமாளத்தைக் காட்டினால், எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.