ரோபோ: பெயர் வந்த வழி

ரோபோ என்றதும் இரும்பு உடம்பும் விளக்குக் கண்ணும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் பெயரை முதலில் சுமந்தவற்றில் ஒரு திருகாணிகூடக் கிடையாது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தில் ரோபோ செய்வது மாவு பிசைகிற மாதிரியான வேலை. ஈரலுக்கும் மூளைக்கும் தொட்டிகள், நரம்பு நூற்க ஓர் ஆலை. அந்தத் தொழிற்சாலைக்கு வருகிற ஹெலெனா, அங்கே தட்டச்சு செய்யும் சுல்லா என்ற ரோபோவை மனுஷி என்றே நம்பி மேலாளரோடு மல்லுக்கு நிற்கிறாள்.

பெயர் வைத்தது காரெல் அல்ல, அவருடைய அண்ணன் யோசெப். அவர் ஓவியர். உழைப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லை ஒட்டி 'லபோரி' என்று வைக்கலாமா என்று காரெல் யோசித்திருக்கிறார். ஏட்டு வாடை அடித்ததால் மனம் ஒப்பவில்லை. அண்ணனிடம் கேட்டபோது, அவர் தூரிகையை வாயில் கவ்வியபடியே 'ரொபோட்டி' என்று முணுமுணுத்தாராம். இதைக் காரெலே 1933இல் நாளிதழில் எழுதி, புகழ் அண்ணனுக்கே சேரட்டும் என்று விட்டுக்கொடுத்தார். அந்த அண்ணன் பின்னர் நாஜி முகாமில் அடைபட்டு 1945இல் இறந்தார்.

யோசெப் சொல்லைப் புதிதாகச் செய்யவில்லை. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் குடியானவன் நிலப்பிரபுவின் வயலில் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய வேலை. இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவில் உழவர்கள் கிளர்ந்தெழுந்த 1775இல், வாரத்துக்கு 3 நாளுக்கு மேல் இப்படி வேலை வாங்கக் கூடாது என்று பேரரசி மரியா தெரேசா ஆணை போட்டார். ஆணைக்கே 'ரோபோட் பேட்டன்ட்' என்றுதான் பெயர். 1848இல் இந்த முறை ஒழிந்தது. பிராகில் 1921இல் நாடகம் பார்த்தவர்களின் பாட்டன், முப்பாட்டன் பட்ட பாடு அந்தச் சொல்லில் இருந்தது. கடைசியில் ரோபோக்கள் மனித குலத்தையே அழித்து ஒரே ஒருவரை மட்டும் உயிரோடு விடுகின்றன. அவரும் தங்களைப் போலக் கையால் உழைக்கிறவர் என்பதுதான் காரணம்.

'ரொபோட்டா'வுக்கு நேர்ச்சொல் நம்மிடம் உண்டு: வெட்டி. சோழர் கல்வெட்டுகளில் வரிகளோடு வரிசையாக வரும் 'வெட்டி' கூலியில்லா உழைப்புதான். இன்றைக்கு 'வெட்டி வேலை' என்றால் உருப்படாத வேலை. அதனால் ரோபோவை 'வெட்டியன்' என்று மொழிபெயர்த்தால் கதை கந்தலாகிவிடும்!

சரி, வேறு எப்படிச் சொல்வது? 'இயந்திர மனிதன்' நீண்ட நாளாக உண்டு. 2010இல் ரஜினி படம் வந்தபின் 'எந்திரன்' எல்லோர் வாயிலும் புகுந்தது. எந்திரம் வடமொழி 'யந்திர'த்தின் வழி வந்தது என்று முகம் சுளிப்பவர்கள் 'பொறி' என்பார்கள். இரண்டும் பழையவைதான். பெருங்கதைக் காப்பியத்தில் உதயண மன்னனைச் சிறைப்பிடிக்க அனுப்பியது எந்திர யானை. சீவக சிந்தாமணியில் பறப்பது மயிற்பொறி.

'தானியங்கி' எனக்குப் பிடிக்கவில்லை. தானாகத் திறக்கும் கதவும் தானியங்கிதானே? மனித உருவில் இருந்தால் 'எந்திரன்' கச்சிதம். ஆனால் 1961இல் ஜெனரல் மோட்டார்ஸின் நியூ ஜெர்சி ஆலையில் சூடான வார்ப்புகளை எடுத்து வைத்த 'யூனிமேட்' என்ற தொழிற்சாலை ரோபோவுக்கு ஆள் உருவமும் இல்லை, முகமும் இல்லை, ஒற்றைக் கைதான். அதற்குப் போய் 'அன்' விகுதி எதற்கு? 'எந்திரக் கை' போதும். மற்ற இடங்களில் ரோபோ என்றே எழுதலாம், பன்மையில் ரோபோக்கள்.