படத்தில் பெரிய ஹால், நேரில் பத்துக்குப் பத்து: விளம்பரத்துக்கு வீட்டைப் படம் எடுப்போர் கவனத்துக்கு

வேலூரில் வீடு தேடுபவர்களில் பலர் முதலில் படத்தை மட்டுமே பார்க்கிறார்கள். சிஎம்சி மருத்துவமனையில் சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் கிளம்பி வரும் குடும்பம், பிள்ளையை விஐடி பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டுக் காட்பாடியில் இடம் பார்க்கும் பெற்றோர், வளைகுடாவில் இருந்துகொண்டே சத்துவாச்சாரியில் வீடு வாங்க நினைப்பவர் என்று எல்லோரும் செல்போன் திரையில்தான் வீட்டுக்குள் நுழைகிறார்கள். விற்பனைக்கோ வாடகைக்கோ போக்கியத்துக்கோ, படம் இவர்களுடைய சந்தேகங்களைத் தீர்க்க வேண்டும். வீட்டைப் பெரிதாகக் காட்டப் போய்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன.

முதல் குற்றவாளி செல்போனில் உள்ள 0.5 எக்ஸ் லென்ஸ். சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் முழு அறையும் அடங்கிவிடுகிறதே என்று எல்லோரும் அதையே அழுத்துகிறார்கள். அந்த லென்ஸ் அருகில் இருப்பதை இழுத்து நீட்டும், தூரத்தில் இருப்பதைச் சுருக்கித் தள்ளும். ஓரத்தில் நிற்கும் ஃபிரிட்ஜ் பீரோ அகலத்துக்கு வீங்கும், எதிர்ச்சுவர் அடுத்த தெருவுக்குப் போய்விடும். நேரில் வருகிறவர் வாசலிலேயே முகம் சுருங்கி நிற்பார், அதற்குப் பிறகு விலை பேசுவது கஷ்டம். ஹாலை 1 எக்ஸில் எடுத்துப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் அறைக்கு வெளியே வந்து கதவு நிலைக்குப் பின்னால் நின்று எடுங்கள். அப்போதும் போதாவிட்டால் மட்டும் 0.7 எக்ஸ் வரை போகலாம். கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஃபுல்ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கணக்கில் 18 முதல் 24 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். 0.5 எக்ஸை விட்டால் வேறு வழியே இல்லாத ஒரே இடம் குளியலறை.

அடுத்தது உயரம். நின்ற வாக்கில் கண் மட்டத்தில் எடுத்தால் போனைச் சற்றுக் கீழே சாய்க்க நேரிடும், உடனே சுவர்கள் கீழ்நோக்கிக் குறுகும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் லென்ஸ் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கட்டும். கிச்சனில் மேடைக்கு மேலே ஓரடி, ஒன்றரை அடி வைத்தால் கிரானைட் பரப்பும் தெரியும், மேலே லாஃப்டும் தெரியும். கேமரா செட்டிங்கில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, கதவு நிலையின் செங்குத்துக் கோடு அந்தக் கோட்டோடு ஒட்டி நிற்கும்வரை போனை நிமிர்த்துங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் படங்கள் தேறிவிடும். லென்ஸைத் துடைப்பதையும் மறக்க வேண்டாம். சட்டைப் பையில் கிடந்த போனில் கைரேகை எண்ணெய் படிந்திருந்தால் ஒவ்வொரு பல்பைச் சுற்றியும் பனிமூட்டம் போல வெளிச்சம் கசியும்.

முகப்பை எப்போது எடுப்பது என்பது வீடு பார்த்திருக்கும் திசையைப் பொறுத்தது. கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் காலை 7 முதல் 9, மேற்குப் பார்த்ததற்கு மாலை 4 முதல் ஐந்தரை. வடக்குப் பார்த்த வீட்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில்கூட நமக்குச் சற்று வடக்கிலிருந்தே விழுகிறது. மே, ஜூனில் வடக்குப் பார்த்த முகப்பைக் காலை எட்டு மணி வாக்கில் நல்ல வெளிச்சத்தில் எடுத்துவிடலாம். அதே வீட்டின் முகப்பில் டிசம்பரில் நாள் முழுக்க வெயில் படாது. கேமராவோ தெற்கு வானத்தைப் பார்த்தபடி இருக்கும், வானம் வெளுத்து வீடு கறுத்துப் போகும். அந்த மாதங்களில் சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து, போர்டிகோ விளக்கைப் போட்டு எடுப்பதே சரி. நண்பகலில் எந்தத் திசை வீட்டையும் எடுக்க வேண்டாம். சன்ஷேடின் நிழல் சுவரில் கரிக்கோடு போட்டுவிடும். மொட்டை மாடியிலிருந்து கோட்டைக்குக் கிழக்கே உள்ள மலைகள் தெரிந்தால் அதை மாலையில் எடுங்கள். காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இருப்பதால் வெறும் சாம்பல் நிழலுருதான் கிடைக்கும்.

கொசப்பேட்டை, சைதாப்பேட்டை மாதிரி நெருக்கமான தெருக்களில் முழு முகப்பும் ஒரே படத்தில் அடங்காது. போனை அண்ணாந்து பிடித்தால் வீடு பின்பக்கம் சாய்ந்து விழுவது போல இருக்கும். எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அவர் முதல் மாடியிலிருந்து எடுக்கலாம். இல்லையென்றால் தெருமுனையிலிருந்து சாய்வாக ஒன்று, வாசலை நேராக ஒன்று. தெரு அகலம் தெரியட்டும். கார் வருமா, ஆம்புலன்ஸ் வருமா என்பதுதான் இந்த ஊரில் முதலில் வரும் கேள்வி.

இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிய வீடுகளில் வெளிச்சம் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் மட்டுமே வரும். நடு அறை இருட்டாக இருக்க, ஜன்னல் மட்டும் வெள்ளைக் கட்டமாக எரியும். ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவில் திரையைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்து, இருட்டையும் வெளிச்சத்தையும் சமன்செய்யும் எச்டிஆரைப் போட்டு எடுங்கள். கேமராவில் என்றால் ட்ரைபாடில் நிறுத்தி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8 வைத்து, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) குறைவாக, சரியாக, இரண்டு ஸ்டாப் கூடுதலாக மூன்று படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கலாம். சேர்க்கும்போது கை மீறினால் வெள்ளைச் சுவர் சாம்பலாகி, ஜன்னல் ஓரத்தில் ஒளிவட்டம் விழும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். குண்டு பல்பு மஞ்சளும் டியூப்லைட் வெள்ளையும் கலந்தால் ஒரே சுவர் இரண்டு நிறமாகத் தெரியும். ஒரு வகை விளக்கை மட்டும் எரியவிடுங்கள். படத்தில் கிடைமட்டமாகக் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது எல்இடியின் சிமிட்டல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டை மறையும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

போர் தண்ணீரின் உப்புக்கறை நேரில் பார்ப்பதைவிடப் படத்தில் பளிச்சென்று தெரியும். குழாயிலும் டைல்ஸிலும் படிந்த வெள்ளையை வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும். மொசைக், மார்பிள் தரையில் மட்டும் வினிகரோ ஆசிட்டோ படக்கூடாது, மெருகு போய்விடும். குளியலறைத் தரையை உலர்த்தி, வாளியையும் மக்கையும் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். வெஸ்டர்னா இந்தியனா, கீஸர் உண்டா, வாசற்படி எவ்வளவு உயரம் என்பது படத்தில் தெரிய வேண்டும். நோயாளியோடு வருபவர்களுக்கு ஹாலின் அழகைவிட இதுதான் முக்கியம். அதே காரணத்துக்காக மாடிப்படியையும் லிஃப்ட் கதவையும் தனித்தனியாக எடுங்கள். சம்ப், மேல் தொட்டி, போர் மோட்டார், ஈபி மீட்டர் ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு படம். மீட்டரின் சர்வீஸ் எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள்.

எடிட்டிங்கில் வெளிச்சத்தையும் சாய்வையும் சரிசெய்யலாம். வாசலில் நிற்கும் மின்கம்பத்தை அழிப்பது, சுவரின் ஈரக்கசிவுக்கு வெள்ளை பூசுவது, காலிமனையில் புல் முளைக்க வைப்பது எல்லாம் பொய் சொல்வதுதான். கட்டுநர்களுக்கு இதில் சட்டச் சிக்கலும் உண்டு. 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, பொய்யான விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். பதிவு செய்யப்பட்ட திட்டம் என்றால் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியும் இருந்தாக வேண்டும். அறை அளவுகளை டேப் பிடித்து அளந்து, அடிக் கணக்கில் எழுதிப் படங்களோடு போடுங்கள். லென்ஸ் பற்றிய சந்தேகம் வருகிறவருக்கு எழவே எழாது.

படம் எடுக்கும் முன் காலண்டரில் குறித்த போன் எண்கள், குடும்பப் படம், சாவி மாட்டும் கொக்கி, மேசை மேல் கிடக்கும் ஆதார் நகல் ஆகியவற்றை அகற்றுங்கள். பத்திரத்தையும் பட்டாவையும் பொதுவில் போடவே கூடாது. வாங்க வருபவரிடம் நேரில் காட்டினால் போதும். ஆள் இல்லாத வீடு என்றால் பூட்டும் கதவும் நெருக்கமாகத் தெரிய வேண்டாம், போன் கேமராவில் லொகேஷன் பதிவையும் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்பினால் தெளிவு குறையாது, ஆனால் லொகேஷன் விவரம் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும்.

அடுத்தவர் போட்ட படத்தை எடுத்துத் தன் வீடு போலக் காட்டி, வெளிமாநிலத்தவரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறையும் மோசடிக்குத் தெளிவான படங்கள்தான் தீனி. படத்தின் நடுவில், வெட்டி எடுக்க முடியாத இடத்தில், மங்கலாக உங்கள் பெயரையும் எடுத்த மாதத்தையும் போடுங்கள். பன்னிரண்டு, பதினைந்து படம் போதும். வாசலில் தொடங்கி நடந்து போகும் வரிசையிலேயே அடுக்குங்கள். வீட்டுக்கு ஆள் முடிவான அன்றே எல்லாத் தளங்களிலிருந்தும், வாட்ஸ்அப் குழுக்களிலிருந்தும், தரகரின் ஸ்டேட்டஸிலிருந்தும் எடுக்கச் சொல்லிவிடுங்கள்.