மிஸ்ஸிங் அடிக்கிற வண்டிக்கு அவசரப்பட்டு பார்ட்ஸ் வாங்காதீர்கள்

"பிளக் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு, பம்ப்பும் மாத்தியாச்சு. இன்னும் மிஸ்ஸிங் நிக்கல." மதுரைப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழுகிற புகார் இது. மிஸ்ஸிங் என்றால் இன்ஜினின் ஏதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் விட்டுப்போவது. மாற்றிய சாமான்களுக்கெல்லாம் பில் இருக்கும். எப்போது மிஸ்ஸிங் வருகிறது, சிக்னலில் நிற்கும்போதா, மேடு ஏறும்போதா, காலையில் எடுத்ததுமா என்று கேட்டால்தான் பதில் வராது. பாதி நோயை அந்தப் பதிலே சொல்லிவிடும்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் ஐடிலில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் நிற்கும்போது) 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 சுற்று) ஓடினால், ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 தடவை எரிய வேண்டும். அதில் ஒன்று எரியாமல் விட்டால் ஸ்டீயரிங்கும் சீட்டும் ஒரே தாளத்தில் ஆடும், சைலன்சரில் 'பொட் பொட்' என்று விட்டுவிட்டுக் கேட்கும், பச்சைப் பெட்ரோல் வாடை வரும். ஆட்டம் தாளத்தோடு வந்தால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரைச் சந்தேகப்படலாம். தாறுமாறாக வந்தால், எல்லா சிலிண்டருக்கும் பொதுவான பெட்ரோல், காற்று, பேட்டரி எர்த் பக்கம் பார்க்க வேண்டும்.

முதலில் அவசரமான ஒன்று. செக் இன்ஜின் விளக்கு நின்று எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டுவரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொண்டால் அப்புறம் வண்டி இழுக்காது. பிளக் விலையில் முடிய வேண்டிய வேலை பல மடங்கு செலவில் போய் நிற்கும்.

எப்போது வருகிறது?

சிறுமலை கொண்டை ஊசி வளைவிலோ வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏற்றத்திலோ ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மட்டும் ஜெர்க் அடிக்கிறது, சமதளத்தில் சரியாக ஓடுகிறது என்றால் ஸ்பார்க் கொடுக்கும் பிளக், அதற்கு அதிக வோல்டேஜ் அனுப்பும் காயில் பக்கம் போங்கள். த்ராட்டில் (இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் கதவு) முழுசாகத் திறக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. கூடிய அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தாண்ட ஸ்பார்க்குக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான காயில் ஐடிலில் தாக்குப்பிடித்து, ஏற்றத்தில் கைவிடும். தேய்ந்து இடைவெளி கூடிய பிளக்கும் அப்படித்தான்.

கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது ஆடுகிறது, நகர்ந்ததும் சரியாகிவிடுகிறது என்றால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான். அதில் வெடித்த ஒரு பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியைக் காற்று வழிக்குத் திருப்பும் குழாய்) வழியாகக் கணக்கில் வராத காற்று சேர்ந்தால் கலவை கெட்டுவிடும். ரேஸ் பண்ணும்போது அதே கசிவு பெரிதாகத் தெரியாது. பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், கரி படிந்த த்ராட்டில் பாடி இந்த மூன்றையும் பாருங்கள். கசிவைக் கண்டுபிடிக்க ஹோஸ் மேல் பெட்ரோல் தெளித்துப் பார்க்கும் பழைய வித்தை வேண்டாம், சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும். ஹோஸ்களை ஒவ்வொன்றாக மெல்லப் பிடித்து அடைத்துப் பார்த்தாலே போதும். எதை அடைக்கும்போது இன்ஜின் ஓட்டம் மாறுகிறதோ அங்கே தேடுங்கள்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஆடி, ஒரு நிமிடத்தில் சரியாகிறதா? ராத்திரி முழுக்கப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று சொட்டியிருக்கலாம். கூடவே வெள்ளைப் புகை வந்து, கூலன்ட் அளவும் வாரத்துக்கு வாரம் குறைந்தால், இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிஎன்ஜி வண்டியில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். அதனால் பிளக் தேய ஆரம்பித்ததை முதலில் காட்டிக்கொடுப்பது கேஸ் ஓட்டம்தான். பெட்ரோலில் பூப்போல ஓடி, கேஸில் மட்டும் மிஸ்ஸிங் என்றால், கேஸ் கிட்டைக் கழற்றுவதற்கு முன்பு பிளக்கைக் கழற்றுங்கள்.

காயிலை இடம் மாற்றிப் பார்ப்பது

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் எரர் கோடை (பழுதுக் குறியீட்டை) அங்கே படிக்கலாம். சாதாரண ப்ளூடூத் ஓபிடி கருவியும் கைபேசியும் போதும். பி0300 வந்தால் பல சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். 'பி0302 வந்திருக்கு, ரெண்டாவது காயில் போச்சு' என்று உடனே காயில் வாங்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டுமே அந்த எரர் கோடு சொல்கிறது. ஏன் எரியவில்லை என்பது அதற்குத் தெரியாது.

இன்ஜின் ஆறட்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்துவிடும். இக்னிஷனை ஆஃப் செய்து, காயில் கனெக்டரின் லாக்கை அழுத்தி எடுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் லாக் படக்கென்று உடையும். பெரும்பாலும் 10 எம்எம் போல்ட் ஒன்றுதான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டுக் காயிலை லேசாக இடவலமாகத் திருகி மேலே தூக்குங்கள். இரண்டாவது காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டாவதிலும் போட்டு, எரர் கோடை அழித்துவிட்டு, மிஸ்ஸிங் வரும் அதே பாதையில் ஓட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. பி0302 ஆகவே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள், அதற்கடுத்து இன்ஜெக்டரை. ஒரு நேரத்தில் ஒன்றுதான். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது.

வண்டி ஓடும்போது காயிலையோ பிளக் ஒயரையோ பிடுங்கிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோலும் கன்வெர்ட்டருக்குப் போகும். எந்த சிலிண்டர் என்று பார்க்க, கை எட்டினால் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்தால் இன்ஜின் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை.

காயிலைத் தூக்கியதும் டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். வால்வு கவர் கேஸ்கெட் இறுகிப்போன வண்டிகளில் பிளக் குழி எண்ணெய்த் தெப்பக்குளமாக நிற்கும். பிளக்கை மூடும் காயிலின் ரப்பர் உறை ஊறி உப்பியிருக்கும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கிறுக்கியதுபோல மெல்லிய கீற்று ஒன்று நெடுக ஓடினால், ஸ்பார்க் நுனிக்குப் போகாமல் அந்த வழியாகக் கசிகிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் ரப்பர் உறையில் பதிந்திருக்கும் தடம் புதுப் பிளக்கையும் கெடுக்கும். உறையையும் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் நின்றால், பெரும்பாலும் கடைசியாக வாட்டர் சர்வீஸில் பானட்டைத் திறந்து பீய்ச்சியதன் விளைவு.

பிளக்கைக் கழற்றுமுன் குழியில் ஏர் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நம் ஊர்ப் புழுதி அவ்வளவும் சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக் இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், பெட்ரோலில் நனைந்திருந்தால் ஸ்பார்க் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் பழுது. இடைவெளி பல வண்டிகளில் 0.8 முதல் 1.1 எம்எம் வரை இருக்கும், உங்கள் வண்டியின் மேனுவலைப் பாருங்கள். சாதாரண நிக்கல் பிளக்குக்கு 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை, இரிடியத்துக்குச் சுமார் 1 லட்சம். டூப்ளிகேட் இரிடியம் நிறையப் புழங்குகிறது. நடு நுனி ஊசிபோல மெலிதாக இல்லாமல் தடித்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாட்டும்போது ஸ்பேனர் போடாமல் கையாலேயே கடைசி வரை திருகி, அதன்பின் புது வாஷர் பிளக்காக இருந்தால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் நிறுத்துங்கள்.

ஸ்பார்க் சரி, பெட்ரோல்?

ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் பாருங்கள், கலவையைச் சரிசெய்யக் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. 10 சதவீதத்துக்குள் மேலும் கீழும் ஆடுவது சகஜம். ஐடிலில் 20 வரை ஏறி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் காற்றுக் கசிவு. ஐடிலில் சரியாக இருந்து, லோடில் ஏறினால் பம்ப்போ ஃபில்டரோ சோர்ந்துவிட்டது. ஆனால் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாருக்குப் பதில், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வைத்த சிறிய கார்களில், காற்றுக் கசிவு இருந்தாலும் ட்ரிம் பெரிதாக ஏறாமல் ஐடில் மட்டும் கூடி நிற்கலாம். இதைத் தெரியாமல் 'ட்ரிம் நார்மல்' என்று ஏமாறுபவர்கள் உண்டு.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் அரை டேங்கோடு நிற்கும் பழைய வண்டி எடுத்ததும் தடுமாறினால், கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக எதுவும் பிரிந்தால் டேங்கைக் காலி செய்யாமல் வேறெதையும் தொட வேண்டாம்.

ஸ்பார்க்கும் பெட்ரோலும் சரி என்றால்தான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் கேஜ் வைத்துப் பார்ப்பது. எல்லாப் பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர், காயில் ஃபியூஸ்களை எடுத்துவிட்டு, த்ராட்டிலை முழுக்கத் திறந்து செல்ஃப் அடியுங்கள். சிலிண்டர்களுக்குள் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்தால், நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

சோழவந்தான், மேலூர் பக்கம் வயல் ஓரத்தில் நிறுத்தும் வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. அறுப்பு முடிந்ததும் வயல் எலி இடம் தேடி பானட்டுக்குள் ஏறும். இன்ஜெக்டர் ஒயரின் தோலை உரித்துவிட்டுப் போய்விடும். செம்பு அறுந்திருக்காது. அதனால் மீட்டரில் சரியாகக் காட்டி, குலுங்கும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும். இன்ஜின் ஓடும்போது ஒயர்க் கொத்தை ஃபேன், பெல்ட்டுக்கு எட்டாத இடத்தில் ஒரு மரக்குச்சியால் மெல்ல அசைத்துப் பாருங்கள்.

கடைசியாக, ஆடுவதெல்லாம் மிஸ்ஸிங் இல்லை. எரர் கோடு எதுவும் இல்லை, பிக்கப் குறையவில்லை, ஏசி போட்டு நிற்கும்போது மட்டும் உடம்பு அதிர்கிறது என்றால் இன்ஜின் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் கார் என்றால் கொஞ்சம் ஆட்டம் அதன் பிறவிக்குணம். அதற்காக யாராவது நான்கு காயில் விலை சொன்னால், வண்டியில் இருப்பதே மூன்றுதான் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.