எத்தனை அங்குலம், எவ்வளவு இருள்: தொலைக்காட்சித் திரையின் கணக்கு

தொலைக்காட்சியின் அளவை நாம் அங்குலத்தில் சொல்கிறோம்; கண்ணோ அதைக் கோணத்தில்தான் அறிகிறது. நீட்டிய கையின் கட்டைவிரல் முழுநிலவையே மறைத்துவிடுவதைப் போல, அருகில் வைத்த சிறிய திரையும் எட்டி வைத்த பெரிய திரையும் விழித்திரையில் ஒரே அளவு இடத்தை அடைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே, உட்காரும் இடத்துக்கும் திரைக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று அளக்காமல், எத்தனை அங்குலத் திரை வேண்டும் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

முதலில், அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் அங்குலம் திரையின் மூலைவிட்டத்தைக் குறிக்கிறது. அகலமும் உயரமும் 16:9 விகிதத்தில் அமைந்த 55 அங்குலத் திரை ஏறத்தாழ 122 சென்டிமீட்டர் அகலமும் 68 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 65 அங்குலத் திரை 144 சென்டிமீட்டர் அகலமும் 81 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. மூலைவிட்டத்தில் 10 அங்குலமே கூடினாலும் பரப்பு 40 விழுக்காடு பெருகிவிடுகிறது.

படத்தில் ஒன்றிப்போய்ப் பார்க்க வேண்டுமானால், திரையின் அகலம் கண்ணில் 30 பாகைக் கோணத்தையாவது நிரப்ப வேண்டும் என்பது இத்துறையில் பரவலாக வழங்கும் அளவுகோல். திரையரங்க உணர்வை விரும்புவோர் 40 பாகை வரை போவார்கள். முக்கோணவியலின்படி, மூலைவிட்டத்தைப் போல் 1.6 மடங்கு தொலைவில் அமர்ந்தால் 30 பாகையும், 1.2 மடங்கு தொலைவில் அமர்ந்தால் 40 பாகையும் கிடைக்கும். அதாவது, 55 அங்குலத் திரையை 2.3 மீட்டர் தொலைவிலிருந்தும், 65 அங்குலத் திரையை 2.7 மீட்டர் தொலைவிலிருந்தும் பார்த்தால் 30 பாகை நிறையும். செய்தியும் தொடர்களும் மட்டுமே ஓடும் திரைக்கு இவ்வளவு கோணம் தேவையில்லை என்பது என் கருத்து.

அடுத்தது பிக்சல் என்னும் படப்புள்ளிகளின் எண்ணிக்கை. இயல்பான பார்வையுள்ள கண், பாகையின் 60-இல் ஒரு பங்கு கோணத்தைவிட நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளைப் பிரித்தறியாது. குறுக்கே 1,920 புள்ளிகள் கொண்ட 55 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.63 மில்லிமீட்டர், 2.2 மீட்டருக்கு அப்பால் அமர்ந்தால் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். குறுக்கே அதைப் போல் இரு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே திரையில் புள்ளியின் அகலம் அதில் பாதிதான் என்பதால், அதன் நுணுக்கம் முழுவதும் தெரிய 1.1 மீட்டருக்கு நெருங்க வேண்டும். அந்தத் தொலைவில் அமர்ந்து வீட்டில் யாரும் படம் பார்ப்பதில்லை. 4 மீட்டர் தள்ளி அமர்பவருக்கோ 55 அங்குலத்தில் ஃபுல் எச்டியும் 4கேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான். புள்ளிகள் இன்னும் நுண்ணிய 8கே திரைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அவர் கண்ணுக்கு எட்டவே எட்டாது.

அளவு இவ்வாறு கணக்கில் அடங்கிவிடுகிறது. திரையின் வகைதான் குழப்பம் நிறைந்தது, அந்தக் குழப்பத்தில் பாதி பெயர்களால் வருவது. எல்இடி டிவி என்று விற்கப்படுபவை உண்மையில் எல்சிடி, அதாவது திரவப் படிகத் திரைகளே. எல்இடி என்பது பின்னாலிருந்து ஒளியூட்டும் விளக்கின் பெயர். 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலை ஆராய்ந்தபோது கண்ட விந்தைப் பொருளின் வழிவந்தவை இப்படிகங்கள். மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தம் நிலையை மாற்றிக்கொண்டு, பின்விளக்கின் ஒளியை அவை கதவு போல மறிக்கவோ விடவோ செய்கின்றன. கியூஎல்இடி என்பதும் இதே எல்சிடிதான். 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசுக்குரிய குவாண்டம் புள்ளிகள் என்னும் மிக நுண்ணிய படிகத் துகள்கள் அதில் நிறங்களைத் தூய்மைப்படுத்துகின்றன.

ஆனால் அந்தக் கதவு எப்போதும் சற்றே ஒழுகும். ஐபிஎஸ், விஏ என்பவை படிகங்களை அடுக்கும் இரு முறைகள். ஐபிஎஸ் வகையில் வெண்மை கருமையைப் போல் ஏறத்தாழ 1,000 மடங்கு பிரகாசமானது. விஏ வகையில் ஒழுக்கு குறைவு என்பதால் 3,000 மடங்கும் அதற்கு மேலும் கிடைக்கும். மினி எல்இடி திரைகள் பின்விளக்கை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, இருண்ட இடங்களில் மங்கவைத்து இந்த ஒழுக்கைச் சமாளிக்கின்றன. 1987-இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் வெளியிட்ட ஆய்வில் வேர்கொண்ட ஓஎல்இடி திரையிலோ கதவும் இல்லை, பின்விளக்கும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. அணைந்தால் முழுக் கருமை.

அப்படியானால் ஓஎல்இடியையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் அறை குறுக்கிடுகிறது. நன்கு வெளிச்சமான கூடத்தில் திரையின் மீது 200 லக்ஸ் (விழும் ஒளியை அளக்கும் அலகு) ஒளி விழுவதாகவும், அதில் ஒரு விழுக்காட்டைத் திரை சிதறடிப்பதாகவும் கொள்வோம். அணைந்திருக்கும் திரைகூட அப்போது 0.64 நிட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கலாகப் பளபளக்கும். படத்தின் வெண்மை 300 நிட் என்றால், இருட்டறையில் 1,000 மடங்கு வேறுபாடு காட்டிய ஐபிஎஸ் இங்கே 320 மடங்கைத்தான் காட்டும். விஏ 400-ஐயும், எல்லையற்றதாக இருந்த ஓஎல்இடி 470-ஐயும் காட்டும். வெளிச்சம் கூடக் கூட இடைவெளி இன்னும் சுருங்கும். அங்கே வெற்றி பெறுவது அதிகப் பிரகாசம் தரும் திரைதான். பகலில் சன்னல் திறந்த கூடத்துக்குப் பிரகாசமான மினி எல்இடியும், இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கு ஓஎல்இடியும் பொருந்துவது இதனால்தான். புரொஜெக்டரில் இதே கணக்கு இன்னும் இரக்கமற்றது: அதன் கருமை என்பது வெள்ளைத் திரையில் விழும் அறை வெளிச்சமேயன்றி வேறில்லை.

அமரும் கோணமும் கவனிக்கத்தக்கது. விஏ திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கருமை சாம்பலாகி நிறம் வெளிறும்; சுவரோரமாகவும் ஆட்கள் அமரும் அகன்ற கூடத்துக்கு ஐபிஎஸ் அல்லது ஓஎல்இடி நல்லது. நாள் முழுதும் ஒரே செய்தி அலைவரிசையின் சின்னம் நிலைத்து நிற்கும் வீட்டில் ஓஎல்இடி வேண்டாம். அதன் புள்ளிகள் உழைப்புக்கேற்பத் தேய்வதால், அந்தச் சின்னத்தின் நிழல் நிரந்தரமாகப் படிந்துவிடக்கூடும்.

கடையின் காட்சிக்கூடத்தில் இவை எதுவும் தெரியாது. அங்கே ஒளி வெள்ளம். திரைகள் நிறத்தையும் பிரகாசத்தையும் உச்சத்தில் வைத்து ஒளிர்கின்றன. பக்கத்தில் 85 அங்குலத் திரை நிற்பதால் 55 சிறியதாகத் தோன்றுகிறது. ஆகவே கடைக்குப் போகும் முன்னரே, செய்தித்தாளைத் திரையின் அகல உயரத்துக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, வழக்கமான இருக்கையில் அமர்ந்து பகலிலும் இரவிலும் பார்ப்பது பயனுள்ளது. தாளின் நடுப்பகுதி கண்மட்டத்துக்கு அருகில் இருக்கட்டும். பிறகு அதே இடத்தில் ஒரு கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லி இருக்கையிலிருந்து நோக்கினால், அதில் சன்னலோ விளக்கோ தெரிகிறதா என்பது விளங்கும். தெரிந்தால், எந்த வகைத் திரையை மாட்டினாலும் அதுவும் படத்தோடு சேர்ந்தே தெரியும்.