பெருமூளை வாதம்: நடுவில் ‘முடக்கு’ எதற்கு?

குழந்தையின் மூளையில் நேர்ந்த காயத்தால் அசைவு பாதிக்கப்படும் கோளாறு செரிபிரல் பால்சி. அதை ‘மூளை முடக்குவாதம்’ என்று எழுதுவது படிவங்களிலும் செய்திகளிலும் ஊறிப்போய்விட்டது. பிழையான சொல். கைக்குழந்தை விஷயத்தில் கெடுதலும் செய்கிறது.

சொற்பிறப்பு சின்னதுதான். ‘செரிப்ரம்’ லத்தீனில் மூளை, மருத்துவத்தில் பெருமூளை. ‘பால்சி’ என்பது ‘பராலிசிஸ்’ என்ற கிரேக்கச் சொல் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது. வேரில் இருப்பது ‘தளர்த்தல்’. 1862இல் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் லண்டனில் விரிவாக விளக்கியதால் முதலில் ‘லிட்டில் நோய்’. 1889இல் இன்னொரு மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் தம் நூலுக்கே இன்றைய பெயரை வைத்தார்.

வேர் தளர்ச்சி என்கிறது, நாம் முடக்கு என்கிறோம். முடக்குவாதம் என்றால் தமிழில் ஏற்கெனவே ஒரு நோய் உண்டு: விரல் மூட்டு வீங்கி, காலையில் மடக்கவும் நீட்டவும் விடாத ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். அதன் தலையில் ‘மூளை’யை ஒட்டிவிட்டால் வேறு நோயாகிவிடுமா? அதைக்கூட விடலாம். இந்தச் சொல்லைக் கேட்ட பெற்றோர் கைகால் மடங்கி விறைக்கட்டும் என்று காத்திருப்பார்கள். மூன்று மாதத்தில் பல குழந்தைகள் துவண்டுதான் கிடக்கும், விறைப்பு பிறகு வரும். இந்தக் கோளாறின் வகைகளில் ஒன்றில் கைகால் முடங்குவதற்குப் பதில் நெளிந்துகொண்டே இருக்கும்.

அந்த வயதில் மருத்துவர் தேடுவதே வேறு. நிறைமாதத்தில் பிறக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணி 9 முதல் 20 வாரத்துக்குள், விழித்து மல்லாந்து கிடக்கும் குழந்தையின் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்காலில் நுண்ணிய அசைவுகள் எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சில நிமிட வீடியோவில் அவை இல்லையென்றால் எச்சரிக்கை. குழந்தை அழுதாலோ வாயில் சூப்பான் இருந்தாலோ அந்த வீடியோ செல்லாது. கூடவே எம்ஆர்ஐ படமும், கைக்குழந்தைக்கான ஹேமர்ஸ்மித் நரம்பியல் சோதனையும் உண்டு: 26 அம்சம், 78 மதிப்பெண். மூன்றாம் மாதத்தில் 57க்குக் கீழே என்றால் சந்தேகம் வலுக்கும். எட்டு வாரம் முன்பே பிறந்த குழந்தைக்கு வயதில் எட்டு வாரத்தைக் கழிக்காமல் சோதித்தால் மதிப்பெண் வீண். ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் நீட்டுகிற பிள்ளையை ‘இடக்கைப் பழக்கம், தாத்தாவைப் போல’ என்று விட்டுவிடுகிறார்கள். அது தவறவிடக்கூடாத அறிகுறி. இவற்றில் எங்கே இருக்கிறது முடக்கு?

‘மூளை வளர்ச்சி குன்றியவர்’ என்பது இதைவிட மோசம். இது அசைவையும், உட்கார நிற்க உடலை நிறுத்தும் விதத்தையும் பற்றிய கோளாறு. ஏறத்தாழ பாதிப்பேருக்கு அறிவுத்திறன் குறைபாடே கிடையாது.

‘பெருமூளை வாதம்’ போதும். சிறுமூளை பாதித்த வகையும் இதில் அடங்குமே என்றால், அந்தக் குறை ஆங்கிலப் பெயருக்கும் உண்டு. ‘வாதம்’ வடசொல், ‘வளி’ என்போம் என்பவர்களுக்கு, நோயைப் பேசும்போது ‘வளி’ என்றே எழுதிய வள்ளுவரே துணை. ஆனாலும் பக்கவாதமும் இளம்பிள்ளை வாதமும் புழங்கும் வீட்டில் ‘வளிநோய்’ என்றால் வயிற்று வாயு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, ‘முன்கூட்டியே கண்டறிதல்’. எதற்கு முன்? மூளையில் காயம் ஏற்கெனவே நேர்ந்துவிட்டது. ‘காலத்தே கண்டறிதல்’ என்று எழுதலாம். உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் ‘பெருமூளை வாத வாய்ப்பு மிகுதி’ என்று சீட்டில் குறித்து, அன்றே பயிற்சிக்கு அனுப்பலாம்.